ரிப்பன் இல்லாத எருமை

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், வல்லம் வடகால் திருப்பத்தில் எங்கள் கம்பெனி பஸ் தினமும் நின்றுவிடும். எருமைகள் ரோட்டைக் கடக்கிற நேரம் அது. மார்கழிப் பனியில் ஹெட்லைட் வெளிச்சத்துக்குள் முதலில் ஒரு ஜோடிக் கொம்பு வரும், பிறகு முதுகு, பிறகு வால். டிரைவர் ஹாரன் அடிப்பார். ஒன்றுகூட அவசரப்படாது. முன்னால் போகிற எருமை மட்டும் நடுரோட்டில் நின்று, உடம்பை அசைக்காமல் தலையைத் திருப்பி, பஸ்ஸை ஒரு பார்வை பார்க்கும். உள்ளே தூங்கி வழிகிற நாங்கள் முப்பது நாற்பது பெண்களும் பாதிக் கண்ணைத் திறந்து அதைப் பார்ப்போம். பிறகு மூடிக்கொள்வோம்.

அந்தப் பாதிக் கண் நேரம்தான் எனக்கு நாளிலேயே பிடித்த நேரம். பஸ் கிளம்பிய பிறகும் எருமைகள் போகாது. மூடிய கண்ணுக்குள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். சில நாள் அவை எங்கள் கம்பெனி நீலக் கோட்டு போட்டிருக்கும். சில நாள் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கேட்டில் கார்டைத் தேய்த்துவிட்டு உள்ளே போகும். எதை நிஜமாகப் பார்த்தேன், எதைக் கனவில் பார்த்தேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குப் பிரித்துச் சொல்ல வராது.

பஸ் அப்படி நிற்கிற இடத்தில்தான் அக்கா ஏறுவார். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என்னோடு ஒரே லைனில் வேலை பார்க்கிறவர். வயது நாற்பதுக்கு மேல், கறுத்த கனத்த உடம்பு, வடகால்காரர். நானோ கோவில்பட்டிப் பக்கம். தண்டலத்தில் ஒரு அறைக்கு ஆறு பேராக வாடகைக்குக் கிடந்தோம். வந்த புதிதில் இந்த ஊர்ப் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சைக் கேட்டு இவர்கள் சிரிப்பார்கள், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கோபப்பட்டு ஒரு மூலையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "இன்னாம்மா, சாமியாரா நீ?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் அக்கா. அதற்குப் பிறகு பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்டு என்னுடையது. அந்த சீட்டு இருந்ததால்தான் நான் முதல் வருஷமே ஊருக்கு ஓடிப்போகவில்லை.

எங்கள் வேலை கார்களுக்கு ஒயர் கட்டுவது. ஒரு காருக்குள் ஓடுகிற அத்தனை ஒயரையும் சாய்வான பலகையில் விரித்து, கிளை பிரித்து, கறுப்பு டேப் சுற்றி ஒரே கட்டாக்க வேண்டும். பலகைகள் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். நாங்களும் கூடவே பக்கவாட்டில் நடப்போம். லைனுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு வெள்ளை போர்டு உண்டு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதில் ஒரு பாதுகாப்புச் செய்தி எழுத வேண்டும். சனிக்கிழமை அழித்துவிட வேண்டும். என் கை கொஞ்சம் வரையும் என்று தெரிந்து மார்க்கரை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

அந்தச் செய்திகளைச் சொல்கிறவர் ஒரு காளை. தலைமை அலுவலகத்திலிருந்து அச்சாகி வந்த காளை. ஹெல்மெட், புடைத்த புஜம், கட்டை விரல் உயர்த்திய கை. மகளிர் தினம் வந்தபோது பாதுகாப்பு அதிகாரி, நாங்கள் சேஃப்டி சார் என்று கூப்பிடுகிறவர், என்னை அழைத்துச் சொன்னார்.

"இந்தக் காளைக்கு ஒரு ஜோடி வரைஞ்சு குடும்மா. லேடீஸ் லைன்ல லேடி இருந்தா நல்லாருக்கும்."

ஜோடி என்று சொன்னது எனக்குச் சுருக்கென்றது. அந்தக் காளைக்கு யாரும் ஜோடி கேட்டுவிட்டு வேலையில் சேர்க்கவில்லையே. அவர் எதிர்பார்த்தது வெள்ளையாக ஒரு பசு. அந்த ஆத்திரத்தில் நான் எருமையை வரைந்தேன். எங்கள் சூப்பர்வைசர் எங்களைத் திட்டுகிற வார்த்தையும் அதுதான் என்பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் திருப்தி.

ஆனால் வீறாப்பெல்லாம் பெயரோடு சரி. கை பழக்கத்தை விடவில்லை. சின்ன வயதில் டிவியில் பார்த்த கார்ட்டூன்களில் ஆண் முயல் வெறும் முயலாக இருக்கும். பெண் முயல் என்றால் அதே முயலுக்கு நீளமாக மூன்று கண்ணிமை முடி, காதோரம் ஒரு ரிப்பன், உதட்டுச் சாயம். நரியானாலும் கரடியானாலும் அதே கதைதான். நானும் அதையே செய்தேன். எருமைக்கு இமை முடி, ரிப்பன், இரண்டு கையிலும் வளையல், காலில் கொலுசு. தள்ளி நின்று பார்த்துக்கொண்டு ரசிக்கவும் செய்தேன்.

சேஃப்டி சார் வந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

"என்னம்மா இது, வளையல் போட்டிருக்கு? லைனுக்குள்ள வளையல் உண்டா? கொலுசு உண்டா? ஆடிட் வந்தா பாதுகாப்பு போர்டே ரூலை மீறுதுன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சொன்னது முழு நியாயம். உள்ளே நுழைகிற இடத்தில் எங்களைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். வளையல், தோடு, ஹேர்பின், பூ எல்லாம் வெளியே. கழற்ற முடியாத தாலியைக் கோட்டுக்குள் விட்டு மேலே டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும். தினமும் இதைச் செய்கிற நானே, படத்தில் உள்ளவளை நகைக்கடைக்கு அனுப்புகிற மாதிரி அலங்காரம் பண்ணி லைனுக்குள் நிறுத்தியிருக்கிறேன்.

ஒவ்வொன்றாக அழித்தேன். ரிப்பன் போயிற்று. வளையல், கொலுசு போயிற்று. மாஸ்க்கும் கண்ணாடியும் போட்டதும் உதட்டுக்கும் இமைக்கும் வேலையில்லை. மிஞ்சியது நீலக் கோட்டும் தொப்பியும் கறுப்பு ஷூவும். லைன் பெண்கள் சுற்றி நின்று பார்த்துவிட்டு, "இது ஆம்பள மாடுடி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

அது என்னை விடவில்லை. அதே கோட்டு, அதே தொப்பிதானே நாங்களும் போட்டிருக்கிறோம்? முகம் தெரியாது, முடி தெரியாது. ஆனாலும் அறுபது பேர் இருக்கிற லைனில் யார் யாரென்று முதுகைப் பார்த்தே சொல்கிறோமே, அது எப்படி? பலகை நகர நகர, டேப் சுற்றியபடியே நான் பார்க்க ஆரம்பித்தேன். அந்த நாட்களில் வேலை செய்ததே நினைவில் இல்லை. கை தன் பாட்டுக்குச் சுற்றும், மெஷின்கள் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருக்கும், நான் பாதி விழிப்பில் நீல முதுகுகளைப் பார்த்தபடி மிதந்துகொண்டிருப்பேன். தொப்பிக்குள் கொண்டையை அடக்கினால் பின்பக்கம் ஒரு புடைப்பு வருவது முதலில் கண்ணில் பட்டது. எருமையின் கொம்பு பின்பக்கம்தானே வளைகிறது? இரண்டு கொம்பையும் தொப்பிக்குள் திணித்து, இரண்டு புடைப்பு வைத்தேன். அந்தத் திங்கட்கிழமை எல்லாரும் சிரித்தார்கள். யாரும் ஆம்பள மாடு என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் வாரா வாரம் வளர்ந்தாள். அப்போது நான் சதா பார்த்துக்கொண்டிருந்தது அக்காவைத்தான். அக்காவுக்குக் குதிகால் வலி. அதனால் இடது காலை வெளிப்பக்கமாக ஊன்றி, கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு நடப்பார். கட்டை விரலில் ஒட்டிய டேப் பசையை இடுப்போரம் கோட்டில் ஒரு தேய்ப்பு தேய்ப்பார். யாராவது கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டார். கையில் இருக்கிற சுற்றை முடிப்பார், பிறகு தலை மட்டும் திரும்பும், யோசித்துவிட்டு உடம்பு திரும்பும். சூப்பர்வைசர் கத்துகிறபோதும் அப்படித்தான். எருமை மாட்டு மேல் மழை பெய்த மாதிரி என்று அவர் சலித்துக்கொள்வார். அக்கா கட்டிய ஒயர் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பதை அவர் சொல்ல மாட்டார்.

நான் அந்த நடையை எடுத்தேன். அந்தத் தேய்ப்பை எடுத்தேன். அந்தத் திரும்பலை எடுத்தேன். எருமை ஒரு திங்கட்கிழமை போர்டில் கை கோத்து நடந்துபோனாள், முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. நின்று பார்த்தார்கள். பக்கத்து லைனிலிருந்து வந்து பார்த்தார்கள். கோடு கோடாக நானே போட்ட ஒன்று, நான் போடாத ஒரு மூச்சை விட்டுக்கொண்டு அங்கே நின்றது. அந்த சந்தோஷத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஏரியும் கரண்ட் கம்பிகளும் ஒன்றோடொன்று உரசாமல் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு விஷயத்தை நான் செய்யவில்லை. அக்காவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, கேன்டீனில் தட்டை எடுத்துக்கொண்டு அக்கா வரும்போது ஸ்டோர் பையன்கள் மேஜையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எருமக்கா வருது பாரு."

மேஜை முழுக்கச் சிரித்தது. எங்கள் லைன் பெண்களிலும் இரண்டு பேர் சிரித்தார்கள், மாஸ்க்கைக் கீழே இறக்கியபடி. அக்கா திரும்பவில்லை. சாம்பார் ஊற்றுகிறவரிடம் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார். எனக்குக் காதெல்லாம் சூடாயிற்று. எழுந்து அந்தப் பையன்களை நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்டால் என்ன சொல்வார்கள்? போர்டில் போட்டது நீதானே என்பார்கள்.

மறுநாள் காலை வடகால் திருப்பத்தில் அக்கா ஏறினார். நான் நகர்ந்து இடம் விட்டேன். அவர் என்னைத் தாண்டிப் போய் இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் தன் பையை வைத்துக்கொண்டார். அதற்கடுத்த நாளும் அந்தப் பை அங்கேயே இருந்தது. ஒரு வாரம் அப்படி. எருமைகள் கடக்கும்போது எல்லாரும் பாதிக் கண் திறப்பார்கள், நான் முழுக் கண்ணையும் திறந்து அக்காவின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குக் கனவே வராமல் போயிற்று.

அந்த நேரம் பார்த்து ஹெச்ஆர் மேடம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். எருமையை எல்லாருக்கும் பிடித்துவிட்டதாம். காளைக்குப் பதில் அவளையே போஸ்டராக அடித்து எல்லாக் கட்டிடத்திலும் ஒட்டப்போகிறார்களாம். போர்டை அவர் போட்டோ எடுத்து ஒரு டிசைன் கம்பெனிக்கு அனுப்பியிருந்தார். எங்களுக்கு உள்ளே போன் அனுமதி இல்லை, கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் அவளுக்கு அந்த ஒரு போட்டோதான். வாரா வாரம் நான் வரைந்ததெல்லாம் சனிக்கிழமை டஸ்டரோடு போய்விட்டது.

மேடம் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். எருமைக்கு இடுப்பு வந்திருந்தது. ஒரு கை இடுப்பில், ஒரு கை காற்றில். இமை முடி மூன்று மூன்று. தொப்பியின் மேல் ரோஸ் கலரில் ரிப்பன். இடது கால் நேராக இருந்தது.

"கொஞ்சம் க்யூட்டா பண்ணியிருக்காங்க. உனக்கு ஓகேதானே? நீ வேணாம்னா உன்னோடதையே போட்டுடலாம். உன் படம், நீதான் சொல்லணும்."

லைனுக்குள் வளையல் உண்டா என்று கேட்ட சேஃப்டி சாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ரிப்பனைப் பார்த்துத் தலையாட்டினார். அச்சில் வந்தால் ரூல் கிடையாது போல.

ஒரு நிமிஷம் முன்பு வரை யாராவது அந்த ரிப்பனைக் காட்டியிருந்தால் நான் கோபத்தில் குதித்திருப்பேன். ஆனால் அப்போது எனக்கு வேறொன்று தோன்றியது. இந்தப் பொம்மையைப் பார்த்து யாரும் அக்காவை நினைக்க மாட்டார்கள். நடை இல்லை, தேய்ப்பு இல்லை, திரும்பல் இல்லை. நான் வரைந்ததையே எல்லாச் சுவரிலும் ஒட்டினால் அவர் காலமெல்லாம் எருமக்காதான். இதை ஒட்டினால் ஒரு மாதத்தில் மறந்துவிடுவார்கள். என் எருமையை நானே விட்டுக்கொடுக்க மனசில்லை. இருந்தாலும் சொன்னேன்.

"நல்லாருக்கு மேடம். இதையே போடுங்க."

கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

கேன்டீனுக்கு நேராகப் போனேன். அக்கா ஓரமாகத் தனியாக உட்கார்ந்திருந்தார். கேட்காமலே எதிரில் உட்கார்ந்து மூச்சு வாங்கச் சொன்னேன்.

"அக்கா, இனிமே உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. அந்தப் படத்த மாத்தச் சொல்லிட்டேன். ரிப்பனெல்லாம் வச்சு வேற மாதிரி ஆக்கிட்டாங்க. நீங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. போர்டுல உள்ளதையும் இன்னைக்கே அழிச்சிருதேன்."

அக்கா பிசைந்த சோற்றை முழுங்கினார். தண்ணீர் குடித்தார். பிறகுதான் தலை நிமிர்ந்தது.

"அதுல கீறது நான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"எனக்கும் தெரியும். மொத நாளே தெரியும். எருமன்னு சொன்னதுக்கா எனக்குக் கோவம்? என் வூட்டு எருமை வேளைக்கு நாலு லிட்டர் கறக்குது, இவனுங்க டீ குடிக்கிறதே அந்தப் பால்லதான். அவன் பேசுனா பேசிட்டுப் போறான். நீ சொல்லலியேன்னுதான் எனக்கு. பக்கத்துலயே குந்திகினு வர, ஒரு வார்த்தை, அக்கா உன்ன வரஞ்சேன்னு சொல்லல."

அவர் விடவில்லை. குரல் மட்டும் தணிந்தது.

"நான் எப்டி நடக்கிறேன்னு நான் பாத்ததில்லம்மா. கண்ணாடில மூஞ்சி தெரியும், முதுகு எங்க தெரியுது? கல்யாண போட்டோல கூட முன்னாடி நிக்க வச்சிதான் எடுத்தாங்க. அந்த போர்டுலதான் பாத்தேன், நான் போறத. இப்டித்தான் போறனா நானு, பரவால்லியே, நல்லாதான் போறன்னு தோணுச்சி. திங்கக்கெழம திங்கக்கெழம சாப்பாடு முடிஞ்சி அஞ்சு நிமிசம் முன்ன உள்ள வந்து நின்னு பாத்துட்டுதான் போவேன். உன்கிட்ட கோவமா இருந்தப்பவும் வந்து பாத்தேன்."

தட்டின் ஓரத்தில் கட்டை விரலைத் தேய்த்தார்.

"அதையா மாத்தச் சொல்லிட்டு வந்த?"

நான் ஹெச்ஆர் அறைக்கு ஓடினேன். மேடம் வருத்தப்பட்டார், நிஜமாகவே வருத்தப்பட்டார். நீ ஓகே சொன்னவுடனே மெயில் போட்டுட்டேன், பிரிண்டுக்குப் போயாச்சு என்றார். அந்த போட்டோவையாவது கொடுங்கள் என்றேன். தேடிப் பார்த்தார். அனுப்பிவிட்டு அழித்திருந்தார். டிசைன் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டார், அவர்களிடமும் இல்லை. லைனுக்குத் திரும்பினேன். அன்று சனிக்கிழமை. வேறொரு பெண் எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று போர்டைத் துடைத்து வைத்திருந்தாள்.

ஷிப்ட் முடிகிற வரை டேப் சுற்றிக்கொண்டே அழுதேன். மாஸ்க் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அக்காவிடமிருந்து எடுத்தபோதும் அவரைக் கேட்கவில்லை. அவருக்காக என்று சொல்லி அதை விட்டுக்கொடுத்தபோதும் கேட்கவில்லை. ரிப்பன் கட்டியவர்களை விட நான் எந்த விதத்தில் உசத்தி என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுபடி வரையப் பார்த்தேன். அறையில் உட்கார்ந்து நோட்டு நோட்டாக வரைந்தேன். நடை வந்தது, ஆனால் அது நான் கற்ற நடையாக இருந்தது, அவர் போகிற நடையாக இல்லை. அந்தத் திங்கட்கிழமை மட்டும் அவர் நடை என் கோட்டில் எப்படி வந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

போஸ்டர்கள் வந்தன. கேட்டில் ஒன்று, கேன்டீனில் ஒன்று, பஸ் நிற்கும் இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒன்று. எருமக்கா என்று கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். நான் கணக்குப் போட்டது சரியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை காலை பஸ் வடகாலில் நின்றது. பனிக்காலம் முடிந்திருந்தது. கொம்பு வந்தது, முதுகு வந்தது. அக்கா ஏறி, இரண்டு சீட் முன்னால் அதே இடத்தில் உட்கார்ந்து பையைப் பக்கத்தில் வைத்தார். நான் எழுந்தேன். தூங்குகிறவர்களின் காலை மிதிக்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, நான் இங்கன உக்காரலாமா?"

அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கடைசி எருமை போய் முடிந்தது. பிறகு தலை மட்டும் திரும்பியது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இத போயி கேப்பாங்களா?" என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "குந்து."